இரண்டாவது பெல்

முதல் பெல்லுக்கும் இரண்டாவது பெல்லுக்கும் நடுவில் எவ்வளவு இடம் இருக்க முடியும்? மற்ற கண்டக்டர்களுக்கு அங்கே இடமே கிடையாது. கயிற்றைச் சேர்த்து இரண்டு இழுப்பு, டிங்டிங், பஸ் போய்விடும். அவளுக்கு மட்டும் அந்த நடுவில் ஒரு நீண்ட சாலை கிடந்தது. அந்தச் சாலையில், பஸ்ஸின் பின்சக்கரத்துக்கு அடியில், எப்போதும் யாரோ ஒருவர் விழுந்து கிடந்தார்.

ஆணா பெண்ணா, குழந்தையா கிழமா, அவளுக்குத் தெரியாது. முகம் தெரியாது. ஒரு சத்தம் மட்டும் தெரியும். ஈரச் சாக்கு தரையில் விழுவதுபோல ஒரு சத்தம். அவள் அதைத் தினமும் கேட்டாள். பஸ்ஸில் வேறு யாரும் கேட்டதில்லை.

பாறசாலையில் காலை எட்டேகாலுக்கு எடுக்கும் அரசு பஸ் அது. பெரிய சாலையில் நேராகப் போனால் சீக்கிரமே நெய்யாற்றின்கரை வந்துவிடும். இது நேராகப் போகாது. செங்கல் என்ற ஊர்ப்பக்கம் திரும்பி, வாழைத்தோட்டங்களுக்கும் சர்ச் மதில்களுக்கும் நடுவே நெளிந்து, முக்குக்கு முக்கு நின்று, போகும் இடத்தை மறந்துவிட்டதுபோலப் போகும். நெய்யாற்றின்கரையில் ஒரு பல் லேபில் எனக்கு வேலை. மற்றவர்களின் வாய்க்குப் பொய்ப்பல் செய்வேன். பின்வாசலை ஒட்டிய கடைசி சீட்டில் உட்காருவேன். கொரோனா அடங்கி பஸ்கள் மறுபடி ஓடத் தொடங்கிய நாட்களில், வாயை மூடிய துணிக்கு மேல் இரண்டு பெரிய கண்களோடு அவள் அந்த பஸ்ஸுக்கு வந்தாள். பிற்பாடு துணி போனபிறகும் அந்தக் கண்கள்தான் முகமாக இருந்தன.

காக்கிச் சட்டையின் நெஞ்சில் பெயரைக் குத்தியிருப்பாள். தினமும் வாசித்த பெயர். இங்கே எழுதப் போவதில்லை. பெயர் சொல்லி யார் கூப்பிட்டாலும் திடுக்கிட்டுத் திரும்புவாள், யாருக்கு என்ன ஆயிற்று என்று.

பாறசாலையில் பஸ் கிளம்புமுன் இறங்கிப் போய்ப் பின்சக்கரத்தை இரண்டு விரலால் தொடுவாள். காய்ச்சல்காரக் குழந்தையின் நெற்றியைத் தொடுவதுபோல. தொட்ட விரல்களை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பார்ப்பாள். மண் ஒட்டியிருக்கும். மண்தான் என்று தெரிந்த பிறகே ஏறுவாள். நான் அதைப் பக்தி என்று நினைத்திருந்தேன். வண்டியைத் தொட்டுக் கும்பிடுகிறவர்கள் உண்டே. அந்த விரல்களில் அவள் எதைத் தேடினாள் என்று எனக்கு விளங்க ஒரு வருடம் ஆயிற்று.

சோக முகம் என்று நினைத்துவிட வேண்டாம். அவள் இருந்தால் பஸ்ஸில் சிரிப்பு இருந்தது. ஒருநாள் காலை, முந்தின நாள் குடியின் மிச்சத்தோடு ஒருவர் படியில் நின்று ஆடிக்கொண்டிருந்தார். அவள் டிக்கெட் மிஷினை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு அவரைக் குனிந்து பார்த்தாள்.

"மாமா, நீரு எறங்கப் போறீரா, விழப் போறீரா? ரெண்டுல ஒண்ணு சொல்லும். ரெண்டுக்கும் வேற வேற பெல்லாக்கும்."

பஸ் முழுக்கச் சிரித்தது. மாமா வெட்கப்பட்டு உள்ளே ஏறி, கம்பியை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டார். அவளும் சிரித்தாள். ஆனால் பெல் கயிற்றைப் பிடித்திருந்த அவள் கை சிரிக்கவில்லை. அது கயிற்றை விரலில் இரண்டு சுற்றுச் சுற்றியிருந்தது. கடைசி சீட்டிலிருந்து பார்க்கிறவனுக்குக் கைகள்தான் தெரியும், முகங்கள் தெரியாது.

டிக்கெட் எடுக்காதவனை அவள் அவசரப்படுத்த மாட்டாள். இறங்குகிறவனையும் அவசரப்படுத்த மாட்டாள். "டிக்கெட்டு காயிதமாக்கும். ஆளு உயிரு" என்பாள். அதை அவள் தத்துவமாகச் சொல்லவில்லை. பயந்துபோய்ச் சொன்னாள்.

ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஒரே கதைதான். முதல் பெல் அடிப்பாள். உடனே தலை திரும்பும். முன்வாசல், பின்வாசல், ஜன்னல் வழியே சாலை, மறுபடி பின்வாசல்.

"பின்னால ஆருமில்லியே?"

"இல்ல."

"நல்லா பாத்தியளா?"

"பாத்தாச்சு, அக்கா."

"சக்கரத்துக்கிட்ட?"

அதற்கும் யாராவது பதில் சொன்ன பிறகுதான் இரண்டாவது பெல். நிறுத்தங்களோ முப்பதுக்கு மேல். லேபில் விரல் வைக்கும் மிஷின் ஒன்றுண்டு; ஒன்பதரை தாண்டினால் என் விரலைப் பிந்திய விரல் என்று எழுதிவைத்துக்கொள்ளும். எனக்கு மட்டுமா? பஸ்ஸில் எல்லோருக்கும் எங்கோ ஒரு மிஷின் காத்திருந்தது.

மொபைல் கடை வைத்திருந்த விஜயன்தான் முதலில் வாய் திறந்தான். "அக்கா, பின்சக்கரத்தில ஆருமில்ல. முன்சக்கரத்தில ரெண்டு கொசு உண்டு. ஒண்ணுக்கு ரொம்ப சீரியஸாக்கும்."

"கொசு டிக்கெட்டு எடுத்துதா? எடுக்கலேன்னா எனக்க பொறுப்பில்ல" என்றாள். சிரிப்பு. அப்புறம் அதே குரலில், கொஞ்சமும் மாறாமல், "சக்கரத்துக்கிட்ட ஆருமில்லியே?"

சிரிப்பு அங்கேயே நின்றுவிட்டது.

யாரோ டிப்போவுக்குப் புகார் எழுதினார்கள். அவளைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். இரண்டாவது புகார் போனது. இனி ஒன்று வந்தால் வழி வேறு என்றார்களாம். டிரைவர் சுகுமாரன் அண்ணன் ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துக்கொண்டு அழாத குறையாகக் கேட்டார்: "கொச்சே, பிள்ளே, எனக்கு பென்ஷனுக்கு இன்னும் ரெண்டு வருஷம் உண்டு. என்னையும் சேத்து வீட்டுக்கு அனுப்பிராதே."

அந்தச் சமயத்தில்தான் லில்லி டீச்சர் ஒரு வழி கண்டுபிடித்தார். டீச்சர் முன்சீட்டுகளின் ராணி. பழைய மிஷன் சர்ச்சின் பள்ளிக்கூடத்தில் கணக்கு எடுப்பவர். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் சபையின் குரலை வழிநடத்துகிறவரும் அவர்தான். பெல்லுக்குக் காத்து பஸ் நின்றுகொண்டிருந்த ஒரு காலையில் எழுந்து நின்று, வகுப்பைப் பார்ப்பதுபோல எங்களைப் பார்த்தார்.

"சர்ச்சில போதகர் ஒண்ணு சொன்னா சபை பதில் சொல்லும் இல்லியா? அதுபோல நாம சொல்லுவோம். அந்தப் பிள்ள நாலு தடவ கேக்காண்டாம். மொத பெல்லு அடிச்ச ஒடனே நாமளே சொல்லிருவோம். முன்வாசலு எனக்க பொறுப்பு. பின்வாசலு, சாரே, ஒங்களுக்கு."

அப்படித்தான் நான் பின்வாசலின் கண் ஆனேன். முதல் பெல். "முன்னால ஆளில்ல!" என்று டீச்சர். "பின்னால ஆளில்ல!" என்று நான். டிங். பஸ் கிளம்பும். விஜயன் அதற்கு ஒரு ராகமே போட்டான். சர்ச்சுக்குப் போகிறவர்களுக்கு ஜெபம்போல இருந்தது. கோயிலுக்குப் போகிறவர்களுக்குச் சரணம் விளிப்பதுபோல இருந்தது. பஸ் நேரத்துக்கு ஓடத் தொடங்கியது. புகார்கள் நின்றன. ஒரு பெண்ணின் வேலையைக் காப்பாற்றிவிட்டோம் என்று அந்த பஸ் முழுவதும் தன்னைத்தானே தட்டிக்கொடுத்துக்கொண்டது.

இன்னொன்றும் நடந்தது. சுகுமாரன் அண்ணன் இரண்டாவது பெல்லுக்குக் காத்திருப்பதை விட்டுவிட்டார். என் குரல் எழுந்ததுமே அவர் கால் கிளட்சிலிருந்து மேலே வரும். பெல் அடிக்கும்போது பஸ் ஏற்கெனவே அசைந்திருக்கும். அதை அப்போது யாரும் கவனிக்கவில்லை.

ஒரு சனிக்கிழமை நண்பகல். காலையில் வழக்கம்போல அவள் பஸ்ஸில் போனவன், மச்சினனின் ஸ்கூட்டரை இரவல் வாங்கிக்கொண்டு செங்கல் வழியே வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். வெயில் வெள்ளையாகக் கொட்டிக்கொண்டிருந்தது. வளைவு ஒன்றில், சாலை ஓரத்தில், காக்கிச் சட்டை. அவள்தான். பையில்லை, மிஷினில்லை. நாலடி நடப்பாள், குனிவாள், ஓடைக்குள் பார்ப்பாள். மறுபடி நாலடி, எதையோ தொலைத்துவிட்டவள்போல. செருப்புக்கு மேல் கணுக்கால் வரைக்கும் செம்மண்.

"என்ன கண்டக்டரே, வல்லதும் களைஞ்சு போச்சா?"

திடுக்கிட்டு நிமிர்ந்தாள். என்னை அடையாளம் தெரிய நேரம் பிடித்தது.

"அண்ணா, இன்னைக்குக் காலையில இந்த வளைவில ஒரு சத்தம் கேட்டுது. நீங்க கேட்டியளா?"

"இல்லியே."

"பின்சக்கரம் ஏறி எறங்கினதுபோல."

"குழியில எறங்கியிருக்கும். இங்க குழிக்கா பஞ்சம்?"

"குழி இல்ல. நான் இப்பத்தான் பாத்தேன். இந்த வளைவில குழியே இல்ல."

காலை டியூட்டியை முடித்துவிட்டு, இன்னொரு பஸ்ஸில் திரும்பி வந்து, பாதி வழியில் இறங்கி, நிறுத்தம் நிறுத்தமாக நடந்து தேடிக்கொண்டிருக்கிறாள். எதை என்று நான் கேட்கவில்லை. எத்தனை நாளாக என்று மட்டும் கேட்டேன்.

"எல்லா நாளும் இல்ல அண்ணா. சத்தம் கேக்குத நாளில மட்டும்." ஓடையைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "எல்லா நாளும் கேக்கும்."

ஸ்கூட்டரின் பின்னால் ஏற்றிக்கொண்டு, நடக்கிற வேகத்தில் அந்த வளைவைத் தாண்டினேன். ஓடைக்குள் ஒரு தென்னை மட்டை விழுந்து கிடந்தது. பெரியது, காய்ந்தது, ஒரு நுனி தண்ணீருக்குள். அதன் மேல் ஈக்கள் மொய்த்துக்கொண்டிருந்தன.

"இந்தா, பாத்தியளா? மட்டை விழுந்த சத்தமாக்கும் கேட்டது."

அவள் ஈக்களைப் பார்த்தாள். காய்ந்த மட்டையில் ஈக்கு என்ன வேலை? அந்தக் கேள்வி அவளுக்குள் எழுந்தது எனக்குத் தெரிந்தது. அது என் முதுகுக்குள்ளும் ஒரு குளிர்ந்த நூலாக இறங்கியது. நட்டநடு வெயிலில், பத்தடிக்கு அப்பால் வீடுகள் இருக்க, எனக்குப் பயமாக இருந்தது. ஆக்ஸிலரேட்டரை முறுக்கினேன். நான் மட்டையை நீக்கிப் பார்க்கவில்லை. அவளும் நீக்கச் சொல்லவில்லை.

சர்ச் மதிலின் நிழலில் வண்டியை நிறுத்தினேன். அவள் இறங்கி, மதிலில் கை வைத்து நின்றாள்.

"எனக்கு டாக்டரு உண்டு அண்ணா. மாத்திரை உண்டு. நோய்க்கு பேரும் உண்டு, ஓ.சி.டி.ன்னு. பேரு கிட்டினது கொண்டு இந்தப் பேடி, இந்தப் பயம் போவுமா?"

ஆபீஸ் வேலைக்கு மாற்றிக் கேட்கலாமே என்றேன்.

"கேட்டா சர்டிபிக்கட்டு கேப்பாவ. அதில இந்தப் பேரு இருக்கும். பின்ன நான் கண்டக்டரில்ல, கிறுக்கியாக்கும். பரீட்சை எழுதி, லிஸ்டில பேரு வந்து, ஆறு வருஷம் காத்திருந்து கிட்டின வேலை. ஒரு கிறுக்கி பெல்லு அடிச்சா நீங்க பஸ்ஸில கேறுவியளா? சொல்லுங்க."

டாக்டர் அவளுக்கு ஒரு வழக்கம் சொல்லிக் கொடுத்திருந்தார். ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஒரே ஒரு தரம் பார்க்க வேண்டும். பார்த்தால் பெல் அடிக்க வேண்டும். யாரிடமும் கேட்கக் கூடாது. திரும்பி வந்து சாலையில் தேடக் கூடாது. சத்தம் கேட்டால், இது நோயின் சத்தம் என்று அசையாமல் நிற்க வேண்டும். மூன்று மாதம் இப்படி ஓட்டினால் பஸ் அவளுக்கு. முடியாவிட்டால், பஸ் வேண்டாம் என்று அவளே எழுதிக் கொடுத்துவிட்டு இறங்கிவிட வேண்டும்.

"நீங்க எல்லாரும் சொல்லுத பதிலாக்கும் அதுக்குத் தீனின்னு டாக்டரு சொன்னாரு. ஆளில்லன்னு கேட்டா ஒரு நிமிஷம் அடங்கும். அடுத்த நிறுத்தத்தில அதிகமாப் பசிக்கும். இனி சொல்லாண்டாம் அண்ணா. டீச்சருக்கிட்ட சொல்ல எனக்கு வெக்கமா இருக்கு. நீங்களாவது சொல்லாண்டாம். நான் கண்ணால கேட்டாலும் சொல்லாண்டாம்."

"சரி" என்றேன். "சத்தியமா" என்றும் சொன்னேன்.

அந்தச் சத்தியம் திங்கட்கிழமை காலை வரைக்கும்தான் இருந்தது. முதல் நிறுத்தம். முதல் பெல். "முன்னால ஆளில்ல!" டீச்சர் சொல்லியாயிற்று. நான் வாயைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தலைகள் திரும்பின. "சாரே, ஒறங்கியாச்சா?" என்றான் விஜயன். எல்லாத் தலைகளுக்கும் மேலே அவள் கண்கள் என்னைப் பார்த்தன. கேட்கக் கூடாது என்று வாயை மூடியிருந்தாள். கண்ணை எப்படி மூடுவாள்? கிணற்றுக்குள் விழுந்தவள் மேலே தெரியும் முகத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

"பின்னால ஆளில்ல" என்றேன்.

இரக்கத்தால் சொன்னேன் என்று என்னிடம் நானே சொல்லிக்கொண்டேன். விரல் வைக்கும் மிஷினும் அந்த இரக்கத்தில் பாதி என்று இப்போது எழுதலாம். அன்றிலிருந்து தினமும் சொன்னேன். முதலில் பார்த்துச் சொன்னேன். பிறகு பாதி பார்த்து. பிறகு போனைப் பார்த்துக்கொண்டே. வாயில் சரியாகப் பொருந்திவிட்டால் பல் உண்மையா என்று யாரும் கேட்பதில்லை. அது என் தொழில்.

அவளோ, நான் தீனி போட்டுக்கொண்டிருந்தும், ஜெயித்துக்கொண்டிருந்தாள். கேட்பதை நிறுத்தினாள். ஒரு தரம் மட்டும் பார்த்தாள். பெல்களுக்கு நடுவிலிருந்த சாலை நாளுக்கு நாள் சுருங்கியது. வாரம் முடியும்போது என் சீட்டைக் கடந்து போகிறவள், மிஷினை நோண்டுவதுபோலக் குனிந்து, "அஞ்சு" என்பாள். அடுத்த வாரம் "ஆறு". பதின்மூன்று வாரம் வேண்டும். "ஒம்பது" என்று சொன்ன வெள்ளிக்கிழமை அவள் விரலில் மண் இல்லை. அன்று காலை சக்கரத்தைத் தொடாமலே ஏறியிருந்தாள்.

பத்தாவது வாரத்தின் திங்கள். செங்கல் கோயிலுக்குப் போகிற கூட்டம் பஸ் நிறைய. கோயில் முக்கில் பாதி பஸ் இறங்கியது. அவள் நடுவில் நின்றிருந்தாள். பின்வாசலை ஒரு தரம் பார்த்தாள். படி காலி. முதல் பெல்லை அடித்தாள்.

"முன்னால ஆளில்ல!"

போனில் என்ன பார்த்துக்கொண்டிருந்தேன் என்று எத்தனையோ தரம் யோசித்துவிட்டேன். நினைவில்லை. அவ்வளவு ஒன்றுமில்லாத ஏதோ ஒன்று.

"பின்னால ஆளில்ல!"

அந்த நொடியில், எனக்கு முன்சீட்டில் தூங்கிக்கொண்டிருந்த ஒரு பெண் விழித்து, இறங்க வேண்டிய இடம் என்று பதறி, பின்வாசல் வழியே குதித்து இறங்கினாள். கதவு தானாகச் சாத்திக்கொண்டது. அவள் சுடிதாரின் ஷால் கதவுக்குள் மாட்டிக்கொண்டது. நான் நிமிர்ந்து பார்க்கவில்லை. முன்னே சுகுமாரன் அண்ணனின் கால் என் குரலைக் கேட்டுக் கிளட்சிலிருந்து எழுந்தது. இரண்டாவது பெல் அடிக்கவே இல்லை. பஸ் நகர்ந்தது.

நடுவில் கயிற்றைப் பிடித்து நின்ற கண்டக்டர் சத்தத்தைக் கேட்டாள். தினமும் கேட்கிற அதே சத்தம். இது நோய் என்று அசையாமல் நின்றாள். ஒரு நொடி நின்றாள்.

பிறகு கயிற்றைப் பிடித்துத் தொங்கினாள். பெல் விடாமல் அலறியது. பஸ் குலுங்கி நின்றது. எல்லோரும் முன்னே சாய்ந்தோம். கதவுக்கு வெளியே, பஸ்ஸோடு பத்தடி ஓடி, விழுந்து, இழுபட்ட அந்தப் பெண் கழுத்தைப் பிடித்துக்கொண்டு இருமிக்கொண்டிருந்தாள். அவளுக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவில் ஒரு முழம் இருந்தது.

அந்தப் பெண் பிழைத்தாள். முழங்கால் இரண்டும் உரிந்திருந்தன; கழுத்தில் சிவப்பாக ஒரு கோடு. டீச்சர் தண்ணீர் கொடுத்து, ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். அப்புறம் பஸ் கைதட்டியது. நிஜமாகவே கைதட்டினார்கள். "அக்காவ என்னெல்லாம் கிண்டல் பண்ணினேன், மன்னிச்சிருங்க. ஒங்களுக்கு மூணாவது கண்ணு உண்டாக்கும்" என்று விஜயன் கும்பிட்டான், போனில் படமும் பிடித்தான். சுகுமாரன் அண்ணன் ஸ்டியரிங்கை விட்டு எழவில்லை. அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. எனக்கும்.

அவள் கீழே இறங்கிப் பின்சக்கரத்தை இரண்டு விரலால் தொட்டாள். விரல்களைப் பார்த்தாள். என் ஜன்னலுக்குக் கீழே வந்து நின்றாள்.

"அண்ணா, நீங்க பின்னால பாத்தியளா?"

உள்ளதைச் சொல்லியிருக்கலாம். பஸ் நிறைய ஆட்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். விஜயன் கையில் போன் இருந்தது.

"பாத்தேன்."

"பாத்தப்போ ஆளில்லியா?"

"இல்ல."

அவள் தலையை ஆட்டினாள். "அப்போ பாத்தாலும் தெரியாது" என்றாள். யாரிடமும் சொல்லவில்லை, தனக்குத்தானே. "சத்தம்தான் நெசம். அந்த ஒரு செகண்டு நான் டாக்டரு சொன்னபடி நின்னேன்." பிறகு, இத்தனை வருடம் கழித்தும் என் காதிலிருந்து இறங்காத அந்தக் கேள்வியைக் கேட்டாள்.

"அண்ணா, அன்னைக்கு அந்த மட்டைய நாம நீக்கிப் பாத்தோமா?"

அடுத்த வாரம் டிப்போவில் அவளுக்குப் பாராட்டு வைத்தார்கள். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்தார்கள். ஓர் அதிகாரி பொன்னாடையை விரித்து அவள் கழுத்தைச் சுற்றிப் போடப் போனார். அவள் இரண்டு கையாலும் அதைப் பிடித்து விலக்கி எழுந்துவிட்டாள். நாற்காலி பின்னால் விழுந்தது. "ஒரு ஜீவன் ரட்சிச்ச ஆளல்லே, எந்தினா இத்ர பேடி?" என்று அவர் மலையாளத்தில் சிரித்தார், உயிரைக் காப்பாற்றியவளுக்கு ஏன் இவ்வளவு பயம் என்று. எல்லோரும் சிரித்தார்கள். கூச்சம் என்று நினைத்தார்கள்.

மறுநாள் அவள் வரவில்லை. அதற்கு மறுநாளும். புதிதாக ஒருவர் வந்தார். டிங்டிங். டீச்சர் பழக்கத்தில் "முன்னால ஆளில்ல" என்று எழுந்தபோது அவர் முறைத்துப் பார்த்தார், டீச்சர் உட்கார்ந்துவிட்டார். நான் மட்டும் ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஜன்னலுக்கு வெளியே பாதி உடம்பை நீட்டிப் பின்சக்கரத்தைப் பார்க்க ஆரம்பித்தேன். யாரும் கேட்கவில்லை. பார்த்து முடித்து உட்கார்ந்ததும், சரியாகப் பார்த்தோமா என்று இருக்கும். மறுபடி நீட்டுவேன். ஒரு மாலை, அந்த வளைவில் இறங்கிக்கொண்டேன். மட்டை எப்போதோ போய்விட்டிருந்தது. ஓடையைச் சுத்தம் செய்திருந்தார்கள். ஆனாலும் பேண்டை மடித்துக்கொண்டு உள்ளே இறங்கினேன். தண்ணீருக்குள் கையை விட்டுத் துழாவினேன். வழியில் போகிறவர் ஒருவர், "என்ன சாரே, வல்லதும் களைஞ்சு போச்சா?" என்று கேட்டார்.

அன்றைக்குத்தான் அவளைப் போய்ப் பார்ப்பது என்று முடிவு செய்தேன்.

அவள் வீடு ஒற்றசேகரமங்கலத்தைத் தாண்டி மேட்டில் இருந்தது. ரப்பர் மரங்கள் சூழ்ந்த சின்ன கான்கிரீட் வீடு. ஞாயிறு மத்தியானம். அவளே கதவைத் திறந்தாள், இளைத்திருந்தாள். காக்கி இல்லாமல் அவளைப் பார்ப்பது அதுதான் முதல் தரம். மேசை மேல் ஒரு தாள் இருந்தது, காற்றில் பறக்காமல் மாத்திரை டப்பாவை அதன்மேல் வைத்திருந்தாள்.

"எழுதி வச்சாச்சு அண்ணா. பஸ்ஸு வேண்டாம்னு. நோய்க்குப் பேரும் எழுதியாச்சு. கையெழுத்து மட்டும் போடல. நாளைக்குக் கொண்டு கொடுக்கணும்."

நான் உட்காரவில்லை. உட்கார்ந்தால் சொல்ல முடியாது என்று பயந்தேன்.

"நான் அன்னைக்குப் பாக்கல."

"என்னது?"

"பின்வாசலு. நான் போனைப் பாத்துக்கிட்டிருந்தேன். பாக்காமத்தான் ஆளில்லன்னு சொன்னேன். பாத்திருந்தா அந்தப் பிள்ள எறங்குதது தெரிஞ்சிருக்கும். பின்னால, நீங்க கேட்டப்போ, பாத்தேன்னு பொய் சொன்னேன். சுகுமாரன் அண்ணன் ஒங்களுக்க பெல்லுக்கு வண்டி எடுக்கல. எனக்க சத்தத்துக்கு எடுத்தாரு."

ரப்பர் இலை ஒன்று முற்றத்தில் விழுந்தது.

"அன்னைக்கு மட்டுமா?"

"இல்ல. ரொம்ப நாளா."

"எத்தன பெல்லு?" குரல் உயர்ந்தது. "எத்தன பெல்லு அண்ணா, ஆரும் பாக்காம நான் அடிச்சேன்? சொல்லாண்டாம்னு கெஞ்சினேன். சரின்னு சொல்லிட்டுச் சொன்னீரு. சொன்னதும் பாக்காமச் சொன்னீரு. வெக்கமில்லியா ஓமக்கு?"

அதுவரை அவள் என்னை 'நீரு' என்று சொன்னதில்லை. அவள் கோபப்பட்டும் நான் பார்த்ததில்லை. அந்தக் கண்களில் பயம் இல்லாத ஒரு நிமிடத்தை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். அடித்துவிடுவாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"நீங்க பாத்தீங்க, கண்டக்டரே" என்றேன். "எல்லா நிறுத்தத்திலயும் ஒருக்கா பாத்தீங்க. அது போதும்னு இருந்துது. ரெண்டாவது பெல்ல நீங்க அடிக்கல."

அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். மெதுவாக, எண்ணி எண்ணி வைப்பதுபோல, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள். "அப்போ, பாத்திருந்தா, தெரிஞ்சிருக்கும்."

"ஆமா."

"பாத்தா தெரியும்." மூச்சை விட்டாள். பெரிய மூச்சு. அத்தனை வருடம் எங்கே வைத்திருந்தாளோ. கை, மேசை மேலிருந்த தாளை நோக்கிப் போயிற்று. தாளைப் பாதி மடித்தாள். நான் கிளம்பத் திரும்பினேன்.

"அண்ணா."

திரும்பிப் பார்த்தேன். அந்தக் கண்கள் வந்துவிட்டிருந்தன. கிணற்றுக்குள்ளிருந்து பார்க்கிற கண்கள்.

"இது என்னைய சமாதானப்படுத்தச் சொல்லுதியளா? நான் வேலைய விடாண்டாம்னு சொல்லுதியளா? நீங்க நெசமாட்டே பாக்கலியா?"

வாய்க்குள் பதில் உருண்டு வந்துவிட்டது. பாக்கல, சத்தியமா பாக்கல. எவ்வளவு பொருத்தமான பதில். எவ்வளவு உண்மையான பதில்.

"இன்னும் ஒருக்கா சொல்லுங்க அண்ணா. ஒரே ஒருக்கா."

நான் சொல்லவில்லை.

அவள் காத்திருந்தாள். என் உதடுகளைப் பார்த்தாள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். ஒரு சர்ச் மதில் நிழலில் கொடுத்த வாக்கை அன்றைக்குத்தான் காப்பாற்றிக்கொண்டிருந்தேன், எல்லாம் முடிந்த பிறகு. இந்த மௌனம் அவளைக் காப்பாற்றுமா, முக்கிவிடுமா என்று எனக்குத் தெரியவில்லை. இப்போதும் தெரியாது.

கடைசியில் அவள் எழுந்தாள். தாளை மேசையில் வைத்தாள். "சாயா போடுதேன்" என்றாள். உள்ளே போனாள்.

வெகுநேரம் உள்ளேயிருந்து எந்தச் சத்தமும் இல்லை. பாத்திரச் சத்தம் இல்லை, தண்ணீர்ச் சத்தம் இல்லை. உள்ளே போய்ப் பார்க்க வேண்டும் என்று உடம்பு முழுக்கத் துடித்தது. போகவில்லை.

அடுப்பின் குமிழ் திரும்பியது. லைட்டரின் சத்தம் கேட்டது. டக். பற்றவில்லை. திறந்த கேஸ் ஒரு பாம்புபோலச் சீறுவது முன்னறை வரைக்கும் கேட்டது. கேஸ் வாடை வந்தது. நான் இரண்டாவது பெல்லுக்குக் காத்திருப்பவன்போல அந்த மூடாத அடுக்களைக் கதவைப் பார்த்தபடி நின்றேன்.

டக்.